ஸ்டீவன் யாரிடமும் சொல்ல மாட்டான்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஏரியை ஒட்டி, எட்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் நிற்கும் லைன் வீடு ஒன்று இருந்தது. பகல் பதினோரு மணிக்கு அங்கே போனால் யாரோ செத்துப்போன வீடு மாதிரி இருக்கும். செத்த வீட்டிலாவது அழுகைச் சத்தம் கேட்கும். இங்கே அதுவும் இல்லை. பெண்கள் பாத்திரத்தைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கி வைப்பார்கள். அரசாங்கம் கொடுத்த கலர் டிவி எல்லா வீட்டிலும் ஓடும், ஆனால் ஊமைப்படமாக ஓடும். சீரியலில் மாமியார் மருமகளை என்ன சொல்லித் திட்டுகிறாள் என்று வாயசைவை வைத்தே கண்டுபிடிக்கும் அளவுக்கு அந்த லைன் பெண்கள் தேறியிருந்தார்கள்.

காரணம் ஷிப்ட். எட்டு வீட்டு ஆண்களும் ஆலைகளில் மூன்று ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்கள். எந்த வாரத்தை எடுத்தாலும் இரண்டு பேராவது நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் படுத்திருப்பார்கள். அப்படிப் படுக்கிறவர் தன் சேஃப்டி ஷூவை வாசற்படியின்மேல் வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். படியில் ஷூ இருந்தால் லைனில் மிக்ஸி ஓடாது, துணியை அடித்துத் துவைக்கக்கூடாது, குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓட வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம். ஆனால் மூன்று வருடமாக ஒருவர்கூட மீறியதில்லை.

சட்டத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு ஐந்தாம் வீட்டு ஜெயராஜ் பகல் தூக்கம் கெட்டு நைட் ஷிப்ட் போனவன், ஓடுகிற உருளைக்குப் பக்கத்தில் ஒரு நொடி கண் அசந்துவிட்டான். வலது கையில் இரண்டு விரல் போனது. அன்றைக்குப் பகலில் எந்த வீட்டில் கிரைண்டர் ஓடியது என்பது லைன் முழுக்கத் தெரியும். ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஷூ படிக்கு வந்துவிட்டது.

ஆறாம் வீட்டு யேசுதாஸுக்கு இந்த ஏற்பாட்டில் ஏகப் பெருமை. ஜெயராஜ் வேலை செய்யும் அதே ரோலிங் மில்லில்தான் அவனும். பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியால் பிடித்து உருளைக்குள் தள்ளிக் கம்பியாக்கும் வேலை. "எங்க லைன்ல வந்து பகல்ல படுத்துப் பாரு, சோத்துக்குக்கூட எழுந்துக்க மாட்ட" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பீற்றிக்கொள்வான். அதைவிடப் பெருமை அவன் மகன் ஸ்டீவன். அப்பா படுத்திருந்தால் மூலையில் உட்கார்ந்து சோடா மூடிகளை ஒவ்வொன்றாக அடுக்குவான், ஒன்றோடொன்று படாமல். தங்கமான பிள்ளை, ஒரு தொந்தரவு இல்லை என்று யேசுதாஸ் மூன்று வருடம் மெச்சிக்கொண்டிருந்தான். அப்பா முழித்திருக்கும்போதும் பிள்ளை பேசுவதில்லை என்பது அந்த மகானுபாவனுக்கு உறைக்கவே இல்லை.

2007 ஈஸ்டருக்கு வந்த மச்சான் ராஜமாணிக்கம்தான் அதைப் போட்டு உடைத்தார். யேசுதாஸின் மனைவி ஏஞ்சலுக்கு அண்ணன், செவ்வாப்பேட்டையில் குடியிருக்கிறவர். தங்கச்சிக்கு ஒன்று என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற மனிதர். ஸ்டீவனை மடியில் வைத்துப் பேர் கேட்டார், வயது கேட்டார், சாப்பிட்டாயா என்று கேட்டார். எதற்கும் பதில் இல்லை.

"மூணர வயசு ஆவுதும்மா. அம்மான்னு சொல்றானா?"

ஏஞ்சல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரே வாரத்தில் ராஜமாணிக்கம் ஒரு விண்ணப்பப் பாரத்தோடு திரும்பி வந்தார். சென்னையில், பேச்சு வராத பிள்ளைகளுக்காக நடக்கும் விடுதிப் பள்ளி. அந்த வருடம் சின்னப் பிள்ளைகளையும் சேர்க்கிறார்களாம். "சைகைல பேச கத்துக் குடுப்பாங்க மாப்ள. பின்னால கைத்தொழிலும் உண்டு. லீவுக்கு லீவு ஊட்டுக்கு வருவான். ஜூன் மொத வாரத்தோட சீட்டு முடிஞ்சிடும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் யேசுதாஸுக்குச் சங்கடம். கெட்ட எண்ணம் என்றால் சண்டையாவது போட்டிருக்கலாம். பெற்ற பிள்ளையை லீவுக்கு லீவு பார்ப்பதா என்று நினைத்துக்கொண்டே பாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஏஞ்சல் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அந்த வாரத்திலேயே பால்வாடியிலிருந்து ஆள் வந்தது. அதுவரை லைன் வீட்டுக்காரர்களுக்குப் பால்வாடி என்றால் மாதம் ஒருமுறை சத்துமாவு வாங்குகிற இடம், அவ்வளவுதான். ஏஞ்சல் பிப்ரவரியில் ஒரு பேக்கிங் கம்பெனி வேலைக்குப் போகத் தொடங்கியதால் வேறு வழியில்லாமல் ஸ்டீவனை அங்கே விட்டிருந்தாள். டீச்சர் ஆரிபா, ஸ்டீவனின் அம்மா வேண்டாம், அப்பா வரட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

"நான் இன்னாத்துக்கு?" என்றான் யேசுதாஸ். "அப்பாக்காரனுங்க போற எடமா அது?"

இருந்தாலும் போனான். அது இரண்டு மணிக்கு மில்லுக்குள் போகிற வாரம், காலையில் சும்மாதான் இருந்தான்.

பால்வாடிக்குள் கால் வைத்ததும் அவனுக்குத் தலை கிறுகிறுத்தது. இருபத்திரண்டு பிள்ளைகள். ஒன்று தட்டைத் தட்டுகிறது, ஒன்று அழுகிறது, நாலைந்து சேர்ந்து பஸ் ஓட்டுகின்றன. ஆயா சின்னப்பொண்ணு அத்தனை இரைச்சலிலும் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டீவன் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தான். பஸ் ஓட்டிய கூட்டம் அவன் பக்கம் திரும்பி ஹாரன் அடித்தது. ஸ்டீவன் எழுந்தான். விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை உருட்டி, "உஷ்" என்றான். பிறகு கதவுப் பக்கம் பயந்து பார்த்தான், யாரோ எழுந்து வந்துவிடுவார்கள் என்பது போல.

"பாத்தீங்களா ஸ்டீவன் அப்பா?" என்றாள் ஆரிபா.

"இன்னா டீச்சர்?"

"டெய்லி இதான் பண்றான். மொதல்ல காது கேக்காதோன்னு நெனச்சேன். கேக்காத புள்ள சத்தம் போடாதன்னு சொல்லுமா? இத்தப் பாக்கத்தான் உங்கள வரச் சொன்னேன்."

பிள்ளை அந்த விரலை எங்கே கற்றான், அந்தக் கண் உருட்டலை யாரிடம் கற்றான் என்று யேசுதாஸுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியில் தன்னையே பார்த்தது மாதிரி இருந்தது.

"இந்த வாரத்துல அவங்கூட இன்னா பேசுனீங்க?" ஆரிபா கோபமில்லாமல்தான் கேட்டாள்.

அவன் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தான். காலை ஷிப்ட் என்றால் பிள்ளை எழும்முன் கிளம்பிவிடுகிறான், திரும்பி வந்து படுத்தால் சாயங்காலம், அப்புறம் டீக்கடை. மதிய ஷிப்ட் என்றால் வரும்போது பிள்ளை தூங்கிவிடுகிறான். நைட் ஷிப்ட் என்றால் பகல் முழுக்க ஷூ படியில். மிச்சம் என்று பார்த்தால் ஒன்றும் தேறவில்லை.

"நான் அவன ஒரு அடி அடிச்சதில்ல டீச்சர்" என்றான்.

"அடிக்கலங்க. பேசவும் இல்லியே." அவள் பதிவேட்டை மூடினாள். "போன மாசம் திருவள்ளூர்ல அஞ்சு நாள் ட்ரெய்னிங் வெச்சாங்க. எடையும் உயரமும் எழுதிக்கினு இருந்தா பத்தாது, ஊட்ல புள்ள காதுல எத்தினி பேச்சு உழுதுன்னு கேளு, அப்பாவையும் பேசச் சொல்லுன்னாங்க. எனக்கே சிரிப்பு வந்துச்சி. இந்த ஊர்ல எந்த அப்பா பகல்ல முழிச்சிக்கினு கீறாரு? ஆனா இவனப் பாத்தப்புறம் சிரிப்பு போயிடுச்சி. மொதல்ல காது டெஸ்ட் எடுங்க. அப்புறம் பேசுங்க."

"எனக்குக் கதையெல்லாம் தெரியாது டீச்சர்."

"கதை வோணாம். இன்னிக்கி நீங்க இன்னா பண்ணீங்களோ அத்தச் சொல்லுங்க. நடுவுல நிறுத்துங்க. அவன் பதில் சொல்ல எடம் உடுங்க."

காது பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. யேசுதாஸ் உடனே மச்சானுக்குப் போன் போட்டான். ராஜமாணிக்கம் சந்தோஷப்பட்டார், ஆனால் அசையவில்லை. "காது நல்லா கீது, சரி. வாய் தொறக்கணுமே மாப்ள. ஜூன் மொத ஞாயித்துக்கெழம வரேன். அதுக்குள்ள ஒரு வார்த்த பேசிட்டான்னா பாரத்த நானே கிழிச்சிப் போட்றேன்." காலண்டரைப் பார்த்தான். முப்பத்தெட்டு நாள் இருந்தது.

ஆரிபா அத்தோடு விடவில்லை. லைன் வீட்டுக்கே வந்து நின்று, ஷூ சட்டத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டாள். தப்பு என்று சொல்லவில்லை. ஜெயராஜின் கையைப் பார்த்த பிறகு யாரால் சொல்ல முடியும்? லைனில் இருந்த மற்ற நாலு சின்னப் பிள்ளைகளையும் பத்து மணிக்கே பால்வாடிக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே அவர்கள் கத்தட்டும், இங்கே இவர்கள் தூங்கட்டும் என்றாள். "சும்மா சோறு போட்டு உக்கார வெக்கற எடந்தானே" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் அனுப்பினார்கள். பிள்ளைகள் சாயங்காலம் தொண்டை கட்டி வந்ததைப் பார்த்து இரண்டு நாள் பேஜாரானார்கள். அப்புறம் பழகிவிட்டது.

யேசுதாஸின் பிரச்சினை வேறு. பேசுவதென்றால் எங்கே பேசுவது? லைனில் வாயைத் திறக்க முடியாது. ஸ்டீவனை டிவிஎஸ் ஃபிப்டியில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போனான். அங்கே புளிய மர நிழல் உண்டு, வண்டிகளும் வேடிக்கை. ஒரே ஒரு கஷ்டம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில். கூட்ஸ் வண்டி வந்தால் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

முதல் நாள் அவன் பேசியதைக் கேட்டிருந்தால் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். சூப்பர்வைசருக்குக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி விறைப்பாக நின்றுகொண்டு, "ஸ்டீவன், நேத்து மிசின் ரெண்டு வாட்டி நின்னுடுச்சி" என்று கத்தினான். டீச்சர் சொன்னபடி நிறுத்தினான். ஸ்டீவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். "பெல்ட் அறுந்துடுச்சி" என்று கத்தினான். மறுபடி நிறுத்தினான். கேட் கீப்பர் சின்னதுரை கூண்டிலிருந்து தலையை நீட்டி, "இன்னாய்யா, புள்ளயாண்டதான் பேசறியா?" என்று கேட்டார். யேசுதாஸுக்கு மானம் போயிற்று.

ஆனாலும் விடவில்லை. எந்த ஷிப்டானாலும் ஒரு மணி நேரம் கேட்டடிக்குப் போனான். இரும்பு உள்ளே போகும்போது சிவப்பாக இருக்கும், வெளியே வரும்போது நீளமாக இருக்கும் என்றான். கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காயைத் தேட வேண்டும் என்றான். பீகார்க்காரப் பையன் ஒருவன் தமிழ் கற்றுக்கொள்கிறேன் என்று ஃபோர்மேனை "வாடா போடா" என்று கூப்பிட்டதைச் சொன்னான். சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். ஸ்டீவனும் சிரித்தான், சத்தம் வராமல்.

சில நாள் கழித்து ஒன்றைக் கவனித்தான். அவன் பேசி நிறுத்தும்போதெல்லாம் ஸ்டீவனின் உதடு அசைந்தது. அசைந்தது, அவ்வளவுதான், காற்றுகூட வரவில்லை. வீட்டு ஊமை டிவியில் வருகிறவர்கள் பேசுகிற மாதிரியே பேசினான். ஏஞ்சலிடம் வந்து சொன்னபோது அவள் நம்பவில்லை. "எதனா மென்னுக்கினு இருந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு ஊறவைத்த துணியை எடுத்துக்கொண்டு போனாள். ஆசைப்பட்டு ஏமாறுவதற்கு அவளுக்குத் தெம்பில்லை.

மே மூன்றாம் வாரம், காலை ஷிப்டில், உருளைக்குள் போக வேண்டிய கம்பி ஒன்று வழி தவறி மேலே துள்ளியது. செக்கச்செவேலென்று நெளிந்து, யேசுதாஸின் தொடைக்கு ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது. ஃபோர்மேன் "ஆயுசு கெட்டிடா உனக்கு" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். ஏஞ்சலிடம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மூன்று வருடத்தில் அப்படி எத்தனையோ சொல்லாமல் விட்டிருக்கிறான். பொம்பளைக்குத் தெரிந்தால் வேலைக்கு அனுப்ப மாட்டாள், வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது.

சாயங்காலம் கேட்டடியில் உட்கார்ந்து, ஒரு நீளமான கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது, மகனிடம் சொன்னான். யாரிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறான் என்ற தைரியம்தான்.

"இன்னிக்கி கம்பி துள்ளிடுச்சிடா. இங்கதான், தொடயாண்ட. எனக்குப் பயமா கீதுடா ஸ்டீவன். ஜெயராஜ் மாமாவுக்கு வெரல் போச்சே, அன்னிலேர்ந்து டெய்லி மில்லு கேட்டுக்குள்ள போறச்ச காலு நடுங்குது. யாராண்டயும் சொன்னதில்ல. உன்னாண்டதான் சொல்றேன்."

வண்டி போய் முடிந்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஸ்டீவன் தன் சின்னக் கையை அப்பாவின் தொடையில், அவன் காட்டிய அதே இடத்தில் வைத்தான். யேசுதாஸுக்கு நெஞ்சில் ஏதோ இறங்கிப்போன மாதிரி லேசாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் பிள்ளைக்காக மட்டும் கேட்டடிக்குப் போகவில்லை, தனக்காகவும் போனான்.

நாள் ஓடிவிட்டது. ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் ராஜமாணிக்கம் புது டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். ஸ்டீவன் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஜெயராஜ் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்ததால் எல்லோரும் கிசுகிசுவென்றே பேசினார்கள். ஏஞ்சல் ஸ்டீவனின் டிராயர்களை மடித்துப் பெட்டியில் வைத்தாள், மறுபடி எடுத்து மறுபடி மடித்தாள். யேசுதாஸ் சுவரில் சாய்ந்து நின்றான். இன்னும் பத்து நாள் கேட்கலாமா என்று யோசித்தான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது என்று விட்டுவிட்டான். முப்பத்தெட்டு நாள் தொண்டை கிழியக் கத்தியும் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று தன்மேலேயே அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

ராஜமாணிக்கம் குனிந்து ஸ்டீவனின் தலையைத் தடவினார். "மாமா கூட வர்றியா ராஜா? அங்க நெறைய புள்ளைங்க கீறாங்க" என்று மெதுவாகக் கேட்டார். பதில் வராது என்று தெரிந்தே கேட்டார்.

"நான் வர்ல."

ரயில் போகும்போது கத்துகிற கத்தல். பேச்சு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவனுக்கு அப்பா பழக்கியிருந்தான். ஏஞ்சல் கையிலிருந்த டிராயர் கீழே விழுந்தது. ராஜமாணிக்கம் இரண்டடி பின்னால் போனார்.

"அப்பாக்குப் பயம்" என்று ஸ்டீவன் அதே உரத்த குரலில் தொடர்ந்தான். "கம்பி துள்ளும். நான் போய்ட்டா அப்பா யாராண்ட சொல்லும்?"

எட்டு வீட்டுக்கும் கேட்டது. யேசுதாஸ் கையெடுத்து முகத்தை மூடிக்கொண்டான். பிள்ளை வாய் திறந்த சந்தோஷத்துக்கு அழுவதா, மூன்று வருடம் மூடி வைத்த பயத்தைப் பிள்ளை லைன் முழுக்க அறிவித்துவிட்ட வெட்கத்துக்கு அழுவதா என்று தெரியாமல் இரண்டுக்குமாகச் சேர்த்து அழுதான்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஜெயராஜ் தூக்கக் கலக்கத்தோடு வாசலில் வந்து நின்றான். திட்டப் போகிறான் என்று நினைத்து ஏஞ்சல் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஜெயராஜ் மூன்று விரல் கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு யேசுதாஸைப் பார்த்தான்.

"உனக்குமாடா?" என்றான். "நான் எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிக்கினு கீறேன்." சொல்லிவிட்டு உள்ளே போகவில்லை, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

ராஜமாணிக்கம் சட்டைப் பையிலிருந்து பாரத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். டிரங்குப் பெட்டியைக் கடைக்காரன் திருப்பி வாங்குவானோ மாட்டானோ என்று சம்பந்தமில்லாமல் சொன்னார்.

ஏஞ்சல் பிள்ளையை விடவே இல்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். "இன்னாங்க, எத்தினி நாளா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல. புள்ள எதோ சொல்றான்."

"இத்தினி வருசமா பக்கத்துல படுக்கறேன். எங்கிட்ட சொல்லாதத இவனாண்ட சொல்லிக்கீற. இப்போ சொல்லு. நான் அழ மாட்டேன்."

யேசுதாஸ் தரையில் உட்கார்ந்தான். "ஒன்னுமில்ல ஏஞ்சல். போன மாசம் ஒரு கம்பி துள்ளிச்சி. தூரத்துலதான். என்மேல படற மாதிரியெல்லாம்…"

"இல்ல" என்று கத்தினான் ஸ்டீவன். அம்மா மடியிலிருந்து இறங்கி வந்து, அப்பாவின் தொடையில் கையை வைத்தான். "இங்க."

ஏஞ்சல் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். யேசுதாஸ் முதலிலிருந்து, ஒன்றையும் குறைக்காமல், சொல்லத் தொடங்கினான்.